வீட்டில் குளவிக் கூடு: எதை விட்டுவைக்கலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?

தென்னையும் பனையும் சூழ்ந்த டெல்டா மாவட்ட வீடுகளுக்குப் பூச்சி ஒழிப்பு வேலையாகப் போகும்போது மக்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தை மனதில் வைத்து எழுதியது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். எல்லாக் கூட்டையும் அழிக்க வேண்டியதில்லை. சில கூடுகளை வீட்டுக்காரர் தொடவே கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் உயிர் போகிறது.

வீட்டில் ஒரு கூடு தெரிகிறது. அது எந்தக் கூடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட்டே போகாதீர்கள். இருபது அடி தள்ளி நின்று கைபேசி கேமராவில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தால் போதும். கூடு எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சுவர் மூலையிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, ஜன்னல் சட்டத்திலோ குழைத்த மண்ணை அப்பி வைத்தது மாதிரி இருந்தால் அது மண்குளவி. தனியாக வாழ்கிற பூச்சி, கூட்டம் கிடையாது.

சாம்பல் நிறக் காகிதம் மாதிரி, ஒரு காம்பில் தொங்கிக்கொண்டு, அறுகோண அறைகள் வெளியே தெரியும்படி இருந்தால் அது காகிதக் குளவி. சன்ஷேடு அடியிலும், இரும்புக் கேட்டின் உள்பக்கத்திலும், குரோட்டன்ஸ் செடிக்குள்ளும் கட்டும். பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அறைகள் எதுவுமே தெரியாமல், பழுப்பும் வெளுப்புமாக வரி வரியான உறை போர்த்தி, உருண்டையாக, போக வர ஒரே ஒரு வாசல் வைத்திருந்தால் அது கதண்டு. தொடங்கும்போது எலுமிச்சை அளவில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் பானை அளவுக்கு வந்துவிடும். பனை, தென்னை, மாமரம், கூரையின் இறவாணம், மொட்டைமாடித் தொட்டியின் அடிப்பக்கம் என்று எங்கேயும் இருக்கும்.

மெழுகுத் தட்டாகத் தொங்கி, அதன் மேல் ஆயிரக்கணக்கில் பூச்சிகள் அப்பிக்கொண்டு அலையலையாக அசைந்தால் அது தேனீ. அதற்கு வழி வேறு, கீழே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கூடே கண்ணில் படாது. ஆனால் ஒரு மரப்பொந்துக்குள்ளோ, சுவர் ஓட்டைக்குள்ளோ, வரப்பில் உள்ள எலி வளைக்குள்ளோ பெரிய பூச்சிகள் விடாமல் போய் வந்துகொண்டிருக்கும். அதையும் கதண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கூடு தெரிகிற கூட்டைவிட மோசம், ஏனென்றால் மண்வெட்டியோ கால்மிதியோ பட்ட பிறகுதான் அது இருப்பதே தெரியும்.

கதண்டு, கடந்தை, விஷ வண்டு எல்லாம் ஒன்றுதானா?

ஆமாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும், செய்தித்தாள்களில் பெரும்பாலும் விஷ வண்டு என்று போடுவார்கள். வண்டு இனம் இல்லை, பெரிய குளவிதான். வெஸ்பா என்ற பேரினத்தில் வெஸ்பா ட்ராபிக்கா, வெஸ்பா அஃபினிஸ் ஆகிய இரண்டும் தென்னிந்தியாவில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு அங்குல நீளம், கருமையான உடல், வயிற்றின் முன்பக்கத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பட்டை. தொலைவிலிருந்து பார்த்தாலே அந்தப் பட்டை தெரியும். தொலைபேசியில் பேசும்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, பட்டை இருக்கிறதா, கூட்டுக்கு உறை இருக்கிறதா என்ற இரண்டையும் சொல்லுங்கள்.

மண்குளவிக் கூட்டை இடிக்கலாமா? வீட்டில் குழந்தை பிறக்கும் அறிகுறி என்று அம்மா தொட விடமாட்டேன் என்கிறார்.

அம்மா சொல்வதைக் கேட்டு விட்டுவைத்தாலும் ஒரு கெடுதலும் இல்லை. மண்குளவி கூட்டைக் காவல் காக்காது. கையால் பிடித்து நசுக்கினால் தவிரக் கொட்டுவதும் அரிது. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் மஞ்சள் கறுப்பு மண்குளவிக்கு அறிவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781-இல் விவரிக்கப்பட்ட இனம். சிலந்திகளைப் பிடித்து வந்து அறைக்குள் அடைத்து, அவற்றின் மேல் முட்டையிட்டு மூடிவிடும். பானை வடிவில் கட்டும் வேறு சில குளவிகள் பச்சைப் புழுக்களைக் கொண்டுவரும்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற நம்பிக்கை இதைப் பார்த்து வந்ததுதான். புழு உள்ளே போகிறது, சில வாரங்களில் குளவி வெளியே வருகிறது. உண்மையில் கொட்டுவது புழுவை அசையாமல் மரக்கச் செய்வதற்கு. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, மண்ணில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும். கூட்டில் உருண்டையான ஓட்டைகள் இருந்தால் குஞ்சு போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு பட்டிக் கத்தியால் சுரண்டி எடுத்து ஈரத் துணியால் துடைத்துவிடலாம். இதற்குப் பணம் கேட்கிற ஆளை நம்பாதீர்கள்.

விட்டுவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. கேஸ் கீசரின் புகைக் குழாய், ஏசி தண்ணீர் வடியும் குழாய், இன்வெர்ட்டரின் காற்றுத் துளை, பயன்படுத்தாத பிளக் பாயின்ட் ஆகியவற்றில் மண் அடைத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அதிலும் கீசர் புகைக் குழாய் அடைபட்டால் நச்சுவாயு குளியலறைக்குள்ளேயே தங்கிவிடும். பிளக் பாயின்ட்டைக் குத்துவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

சன்ஷேடு அடியில் சின்னக் காகிதக் கூடு இருக்கிறது. அதையும் அழித்தே ஆக வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. வாசற்படிக்கு மேலே, காலிங் பெல் பக்கத்தில், துணி காயப்போடும் கொடி அருகே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் என்றால் எடுத்துவிட வேண்டும். யாரும் போகாத கொல்லைப் பக்கம் என்றால் விட்டுவைக்கச் சொல்வேன். கத்தரியிலும் வெண்டையிலும் புழுவைப் பொறுக்கித் தின்பவை இவை. வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்குக் கூலி கேட்காத வேலையாள்.

நம் ஊர்க் காகிதக் குளவிகளில் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். வருடத்தின் எந்த மாதத்திலும் புதுக் கூடு தொடங்கும் இனம் அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், குளிர்காலம் வந்தால் கூட்டம் தானாகச் செத்துவிடும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் காத்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர் கிடையாது.

ஒன்றிரண்டு குளவிகளோடு இப்போதுதான் தொடங்கிய கூடு என்றால், பொழுது சாய்ந்த பிறகு நீளமான ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம். மறுநாள் அந்தக் காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஏணி போட்டுத்தான் எட்டும் என்றாலோ, பத்துப் பதினைந்து குளவிகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது முன்பு கொட்டி மூச்சுத்திணறல் வந்திருந்தாலோ நீங்கள் செய்யாதீர்கள்.

கதண்டுக் கூட்டை நாங்களே பந்தம் கொளுத்தி அழித்துவிட்டால் என்ன? தாத்தா காலத்தில் அப்படித்தானே செய்தார்கள்?

செய்தார்கள். அதில் செத்தவர்களும் உண்டு.

தேனீயின் கொடுக்கில் முள் இருக்கிறது. ஒரு தடவை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கி, தேனீ செத்துவிடும். கதண்டின் கொடுக்கு வழுவழுப்பானது. ஒரே பூச்சி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டும்போதும் நசுங்கும்போதும் ஒரு வாசனைப் பொருளை வெளியிடும். நமக்கு அது தெரியாது, கூட்டில் இருக்கும் மற்றவற்றுக்கு அது போருக்கான அழைப்பு. ஒன்று கொட்டிய இடத்தைத் தேடி மற்றவை வருவது இதனால்தான்.

பந்தம் கொளுத்துபவர் கூட்டுக்கு நேர் கீழே நிற்கிறார். கூடு எரியத் தொடங்கியதும் காம்பு அறுந்து அவர் தலைமேலேயே விழலாம். உறை எரிந்தாலும் உள்ளே மூன்று நான்கு அடுக்கு அறைகள் இருக்கும், எல்லாம் ஒரே நொடியில் சாகாது. காய்ந்த பனை மட்டையில் தீப்பிடித்தால் பொறி பறந்து பக்கத்து வீட்டுக் கீற்றுக் கூரையில் விழும். பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துபவர்களுக்குக் கொட்டுவதற்கு முன்பே தீக்காயம் பட்டுவிடும்.

மண்ணெண்ணெய் பீய்ச்சுவது, தண்ணீர்க் குழாயால் அடிப்பது, சாக்கை மாட்டிக் கட்டி இழுப்பது, கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் இதே கணக்குதான். பாதிக் கூட்டம் உயிரோடு வெளியே வரும். பையன்கள் கவணால் கல் எறிவதை மட்டும் அன்றே தடுத்துவிடுங்கள். கல் எறிந்தவன் ஓடிவிடுவான். கொட்டு வாங்குவது அந்த வழியாக நடந்து வரும் பாட்டி.

அப்படியென்றால் யாரைக் கூப்பிடுவது? தீயணைப்பு நிலையமா, தனியார் ஆளா?

மரத்திலோ, தெருவோரத்திலோ, பள்ளி, கோயில் பக்கத்திலோ கதண்டு இருந்து ஆட்கள் நடமாட முடியாத நிலை என்றால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். 101 அல்லது 112. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வீரர்கள் கதண்டு அழிப்பதை வாடிக்கையாகச் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது அவர்களுக்குப் பழகிய வேலை. கூப்பிடும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த மரம், எவ்வளவு உயரம், பக்கத்தில் மின்கம்பி போகிறதா, யாரையாவது ஏற்கனவே கொட்டியிருக்கிறதா. அவர்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகு வருவார்கள். தாமதம் என்று கோபப்பட வேண்டாம், இருட்டுதான் சரியான நேரம்.

வீட்டுக்குள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல், சுவர்ப் பிளவுக்குள், ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் என்றால் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர் பொருத்தம். அங்கே தீயும் தண்ணீரும் உதவாது, தூள் மருந்துதான் வேலை செய்யும்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் என்றால் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். அலுமினியத் துறட்டியோடு யாரையும் அங்கே நிற்க விடாதீர்கள்.

நல்ல ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பூச்சிக்கொல்லி வைத்து வணிகமாக ஒழிப்பு வேலை செய்பவருக்கு 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படியும் 1971-ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் மருந்துப் புட்டியைப் பாருங்கள். லேபிளில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. வீட்டுக்குள் சிவப்பு முக்கோணப் புட்டியோடு ஒருவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். லேபிள் இல்லாத பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தாலும் அப்படியே. டைகுளோர்வாஸ் என்ற மருந்து முன்பு இந்த வேலைக்கு நிறையப் புழங்கியது. 2020-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து அது இந்தியாவில் தடை. இன்னும் யாராவது அதைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பகலில் ஒரு தடவை வந்து இடத்தைப் பார்க்காமல், படம்கூடக் கேட்காமல், விலை மட்டும் சொல்பவரை நான் நம்பமாட்டேன். கூடு எங்கே, ஏறும் வழி எது, கொட்டினால் இறங்கி ஓடும் வழி எது என்று பார்க்காமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

இதில் எனக்கு மனம் தாங்காத ஒன்று இருக்கிறது. தென்னை ஏறுகிறவரைக் கூப்பிட்டு, கையில் நூறு இருநூறு அதிகம் கொடுத்து, அப்படியே அந்தக் கூட்டையும் தட்டிவிடப்பா என்று சொல்வது. ஐம்பது அடி உயரத்தில் வெறும் உடம்போடு, இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர். கொட்டும்போது அவரால் ஓடவும் முடியாது, கையை எடுக்கவும் முடியாது. கொட்டு தாங்கிவிடுவார், விழுந்தால் பிழைக்க மாட்டார். அந்தப் பணத்துக்காக அவர் சரி என்று சொன்னாலும் நீங்கள் சொல்லக் கூடாது. உயரத்தில் ஏறுபவருக்குத் தலை முதல் கால்வரை மூடிய தடித்த உடை, வலை வைத்த தலைக்கவசம், முழங்கைவரை கையுறை, இடுப்புப் பட்டை இவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற விடுங்கள். தேன் எடுப்பவர்கள் போடும் மெல்லிய உடை கதண்டுக்குப் போதாது.

உண்மையில் எப்படி எடுப்பார்கள்?

இருட்டிய பிறகு. இரை தேடப் போனவற்றில் பெரும்பாலானவை அப்போது கூட்டுக்குத் திரும்பியிருக்கும், பறப்பதும் குறைந்திருக்கும். வெள்ளை டார்ச் வெளிச்சத்தைக் கூட்டின் மேல் அடித்தால் வெளிச்சத்தை நோக்கிப் பாயும், அதனால் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் பிடிப்போம். சிவப்பு நிறம் அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

கை எட்டும் தூரத்தில் என்றால், நீண்ட குழாய் வைத்த தெளிப்பான் மூலம் வாசல் வழியாகத் தூள் மருந்தையோ தெளிமருந்தையோ உள்ளே செலுத்தி, உடனே வாசலைப் பஞ்சால் அடைத்துவிடுவது வழக்கம். உள்ளே இரைச்சல் ஏறி, மெல்ல அடங்கும். அவசரப்பட்டு அப்போதே வெட்டக் கூடாது. நன்றாக அடங்கிய பிறகு பெரிய தடித்த பையால் மூடி, காம்போடு அறுத்து, பையைக் கட்டி எடுத்துப்போவோம். சுவர்ப் பொந்து என்றால் தூள் போட்டுவிட்டு ஓரிரு நாள் விட வேண்டும். உயிரோடு இருக்கும் கூட்டை சிமென்ட் பூசி மூடுவது மிகப் பெரிய தவறு. வெளியே வழி அடைபட்டால் உள்பக்கமாக, உங்கள் படுக்கை அறைக்குள் வழி தேடும்.

மறுநாள் பகலில் இன்னொரு தடவை வந்து பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. இரவில் வெளியே தங்கிவிட்ட சில பூச்சிகள் ஓரிரு நாள் அந்த இடத்தையே சுற்றிவரும். கூடு இல்லாததால் காவல் வேகம் இருக்காது, ஆனாலும் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

அன்றைக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் மூடி, வாசல் விளக்கையும் மாடி விளக்கையும் அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி அவர்கள் விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள், இருட்டில் எரிகிற ஒரே விளக்கை நோக்கித்தான் பூச்சி போகும்.

மாடு, ஆடுகளை அவிழ்த்துத் தொலைவில் கட்டுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கட்டிப்போட்ட மாடு ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே கொட்டு வாங்கும். நாயை வீட்டுக்குள் வையுங்கள். கொடியில் காயும் துணி, திறந்த தண்ணீர்த் தொட்டி, குடிநீர்க் குடம் ஆகியவற்றை மூடுங்கள். மீன் தொட்டி இருந்தால் கட்டாயம் மூடி, காற்றுப் பம்பையும் நிறுத்துங்கள். இந்த வேலைக்குப் புழங்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு, பூனைக்கும் ஆகாது. கைபேசியில் காணொளி எடுக்க யாரும் கீழே நிற்க வேண்டாம்.

எவ்வளவு கேட்பார்கள்?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். உயரம், ஏறும் வசதி, கூட்டின் அளவு, ஒரு தடவையா இரண்டு தடவையா வர வேண்டும் என்பதை வைத்துத் தொகை அமையும். மறுநாள் பார்வையும் கூட்டை அப்புறப்படுத்துவதும் அதில் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை.

அது தேனீக் கூடு என்றால்?

அழிக்காதீர்கள். அடுக்குமாடிக் கட்டிடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் ஒரே பெரிய தட்டாகத் தொங்குவது மலைத்தேனீ. பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகும் இனம், ஆள் புழங்காத உயரத்தில் இருந்தால் சில மாதம் பொறுத்தாலே காலி செய்துவிடும். அதன் கீழே வெடி வெடிப்பது, கொட்டு மேளம் அடிப்பது, புகை போடுவது கூடாது. சாவு வீட்டு வெடியிலும் திருவிழாப் பொங்கல் புகையிலும் தேனீ கலைந்து கூட்டத்தையே விரட்டியது பல ஊர்களில் நடந்திருக்கிறது.

சுவர்ப் பொந்தில் அல்லது பழைய பெட்டியில் அடுக்கடுக்காகக் கட்டும் சிறிய இந்தியத் தேனீ என்றால் வளர்ப்பவர்கள் வந்து பெட்டியில் பிடித்துக்கொண்டு போவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் இது பரம்பரையான தொழில். உங்கள் மாவட்டத்திலும் தேனீ வளர்ப்பவர் இருப்பார், வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

கதண்டு துரத்தினால் என்ன செய்வது?

ஓடுங்கள். நின்று அடிக்காதீர்கள், தரையில் உருளாதீர்கள். துண்டாலோ முந்தானையாலோ முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, கதவு சாத்தக்கூடிய வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். ஒன்றிரண்டு கூடவே உள்ளே வந்தாலும் பரவாயில்லை, வெளியே இருக்கும் கூட்டத்துக்கு அது எவ்வளவோ மேல். குளத்தில் குதிப்பது நம் பக்கத்துப் பழக்கம். தலையை வெளியே எடுக்கும்போதெல்லாம் முகத்திலேயே கொட்டும், நீச்சல் தெரிந்தவரும் திணறிப்போவார்.

கொட்டிவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த இடத்தைவிட்டு விலகி, பாதுகாப்பான இடத்தில் உட்கார வையுங்கள். கையில் காலில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்குமே தவிர உள்ளே போன விஷத்தை ஒன்றும் செய்யாது. கீறி ரத்தம் எடுப்பதும் வேண்டாம்.

இதற்கு மேல் இரண்டு வேறு ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று ஒவ்வாமை. இதற்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடங்களிலேயே உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றி மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் கிடைக்கும் வண்டியில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று இல்லை. மயக்கமாக இருப்பவரைக் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், எழுந்து நடக்க வைக்காதீர்கள். மூச்சுத்திணறல்தான் பெரிது என்றால் சாய்ந்து உட்காரட்டும். சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் மருத்துவர் இருக்கச் சொல்லும்வரை இருக்க வேண்டும். இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், சில மாத்திரைகள் அட்ரினலின் வேலையைக் குறைக்கும். கொட்டிய பிறகு நெஞ்சுவலி வந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று விஷத்தின் அளவு. ஒவ்வாமை இல்லாதவராக இருந்தாலும் பல இடங்களில் கொட்டியிருந்தால் தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். அன்று நன்றாக நடமாடியவர் ஓரிரு நாளில் கால் வீங்கி, சிறுநீர் குறைந்து வருவார். பத்து இடத்துக்கு மேல் கொட்டியிருந்தால், குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தால் அதற்கும் குறைவாகவே என்றாலும், வலி குறைந்துவிட்டது என்று இருந்துவிடாமல் ரத்தம், சிறுநீர் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பாம்புக்கடிக்கு இருப்பது போல இதற்கு விஷமுறிவு மருந்து இல்லை. நேரத்தோடு போனால் குளுக்கோஸ் ஏற்றியும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்தும் காப்பாற்றுகிறார்கள். வாய், தொண்டைக்குள் கொட்டியிருந்தால் எண்ணிக்கை பார்க்காமல் போக வேண்டும்.

வாடகை வீடு, யார் செலவு?

கதண்டு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் யோசித்து முடிப்பதற்குள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பணக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடி என்றால் பொதுப் பகுதிக் கூடு சங்கத்தின் பொறுப்பு.

எடுத்த இடத்திலேயே திரும்பக் கட்டுமா?

அதே கூட்டத்தில் மிஞ்சியவை புதிதாகக் கட்டுவது குறைவு. ஆனால் மழை படாத, காற்று அடிக்காத, நல்ல மறைவான இடம் என்று ஒரு தடவை பிடித்துப்போன மூலை வேறொரு ராணிக்கும் பிடிக்கும். ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். ஏசி குழாய் போகும் ஓட்டை, கழற்றிய போர்டு இருந்த பள்ளம், சுவர்ப் பிளவு இவற்றை சிமென்ட்டால் அடையுங்கள். வென்டிலேட்டருக்குக் கொசு வலை போடுங்கள். பழுத்து விழுந்த மாம்பழம், பலாச் சுளை, மீன் கழுவிய கழிவு ஆகியவை முற்றத்தில் கிடக்கக் கூடாது. பெரிய கதண்டுக்கு இனிப்பு, கூட்டில் உள்ள குஞ்சுக்கு இறைச்சி, இரண்டும் அங்கே கிடைத்துவிடும்.

மாதம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி அண்ணாந்து பார்த்தபடி ஒரு நடை நடந்தால், கூடு எலுமிச்சை அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாம். அந்த அளவில் எடுப்பது எங்களுக்கும் எளிது, உங்களுக்கும் செலவு குறைவு.

தேங்காய் பறிக்க ஆள் வருகிறார். முன்கூட்டியே என்ன பார்ப்பது?

முந்தின நாள் மாலை, வெயில் சாயும் நேரத்தில், ஒவ்வொரு மரத்தின் கொண்டையையும் கீழிருந்து ஐந்து நிமிடம் பாருங்கள். பெரிய பூச்சிகள் ஒரே இடத்துக்கு நேராகப் பறந்து போய் மறைந்தால் அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, ஏற வருகிறவரிடம் அந்த மரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அன்றைக்கே 101-க்குச் சொல்லிவிடலாம்.